வெள்ளியங்கிரி அங்கிள் கியர்பாக்ஸுக்குச் சொன்ன தீர்ப்பு

வெள்ளியங்கிரி அங்கிள் டெக்சாஸ் ரிச்சர்ட்சன் ஊரில் இருபத்திரண்டு வருடமாக டெஸ்டிங் என்ஜினியர். எது பழுதானாலும் மூல காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் தன் தொழில் என்பார். அவர் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. ஃபிரிட்ஜில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரை ஒன்பது வருடமாக யாரும் உரிக்கவில்லை. சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் பெட்ஷீட். கேட்டால் ‘ரீசேல் வேல்யூ’ என்பார். அந்தச் சோபாவை வாங்க வரப்போகும் மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது.

அவர் மனைவி ருக்மிணி ஆன்ட்டி ஓட்டுவது பதினெட்டு வருடப் பழைய கியர் கார். அமெரிக்கா வந்து இத்தனை வருடம் கழித்து, போன மாதம்தான் அவருக்கு ஒரு டேகேரில் முதல் வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இந்த வெள்ளிக்கிழமை மாலை டேகேர் வாசலில் கார் எந்தக் கியரிலும் விழமாட்டேன் என்றது. யாரோ வீடுவரை இழுத்து வந்து விட்டார்கள்.

அங்கிள் இரண்டு வீடியோ பார்த்தார். பதினான்கு வரிசையில் எக்ஸெல் ஷீட் போட்டார். டிரான்ஸ்மிஷன் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, சனிக்கிழமை நான்கு மணிக்குக் காரை இழுத்துப் போகக் காயலான் கடை டோ டிரக்கை வரச் சொன்னார். ஆன்ட்டியின் வேலைக்கும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பு.

ஆன்ட்டி எனக்குப் போன் செய்தார். ஸ்கூல் முடித்து ஒரு வருடமாக நான் ஒரு மெக்கானிக் ஷாப்பில் இருக்கிறேன். அங்கிள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

“என்ன தென்றல், காலேஜ் அப்ளை பண்ணிட்டியா?”

“இல்ல அங்கிள். கார் பாக்க வந்தேன்.”

“அதான் நான் டயக்னோஸ் பண்ணிட்டேனே. டிரான்ஸ்மிஷன் ஃபெயிலியர்.”

“கிளட்ச்ச மிதிச்சுப் பாத்தீங்களா?”

“எனக்கு சத்தம் கேட்டாலே போதும்மா. இவ எதுக்கு இந்த வயசுல அடுத்தவன் புள்ளைக்கு டயப்பர் மாத்தணும்? வேலைய விட்ரட்டும்.”

“ஏனுங்க, அவ பாக்கட்டும். சும்மா இருங்க” என்றார் ஆன்ட்டி.

இன்ஜினை ஆன் செய்யாமல் கியர் போட்டுப் பார்த்தேன். ஐந்தும் ரிவர்ஸும் வழுக்கிக்கொண்டு விழுந்தன. ஆன் செய்து, கிளட்சை முழுதாக மிதித்து ரிவர்ஸ் போட்டேன். கர்ரென்று கடித்தது. அப்படியென்றால் கியர்பாக்ஸ் நன்றாகவே இருக்கிறது. கிளட்ச்தான் இன்ஜினை அதிலிருந்து சரியாகப் பிரிக்கவில்லை. பெடல் கடைசிவரை போகிறதா என்று குனிந்தேன்.

“அங்கிள், கீழ எத்தன மேட் இருக்கு?”

அவர் ஷீட்டைப் பார்த்தார். அதில் அந்த வரிசை இல்லை.

“மூணு” என்றார் ஆன்ட்டி. “கார்ல வந்த மேட்டு அழுக்காகக் கூடாதுன்னு ஒரு ரப்பர் மேட்டு. என் ஷூல டேகேர் மண்ணு வருதுன்னு நேத்து காலைல யோகா மேட்ட நாலா மடிச்சு அதுக்கும் மேல போட்டாரு.”

“அது டெம்பரரி” என்றார் அங்கிள்.

யோகா மேட் நகர்ந்து நகர்ந்து கிளட்ச் பெடலுக்கு அடியில் போய் மாட்டியிருந்தது. மேலே கிடந்த இரண்டையும் உருவினேன். பெடல் தரைவரை போனது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

நான்கு மணிக்கு டிரக் வந்தது. அங்கிள் டிரைவரிடம் கைகுலுக்கி, “இஷ்யூ ரிசால்வ்ட். வீ ஃபவுண்ட் தி ரூட் காஸ்” என்றார். அந்த ‘வீ’யில் யார் யார் என்று அவன் கேட்கவில்லை.

ஆன்ட்டி மண் ஒட்டிய ஷூவோடு ஏறி, டிரக்கைச் சுற்றி ரிவர்ஸ் எடுத்தார்.

“ஷூவக் கழட்டிட்டு ஓட்டு” என்றார் அங்கிள்.

“திங்கக்கெழம ஆறரைக்கே கிளம்பிருவேன். டிஃபன் நீங்களே போட்டுக்குங்க.”

இப்போது ஆன்ட்டி தினமும் வேலைக்குப் போகிறார். சாயங்காலம் அங்கிள் அந்த ஒற்றை மேட்டை வாக்யூம் போடுகிறார். அதற்கு இருபத்திரண்டு வருட அனுபவம் தாராளமாகப் போதும்.