அத்தை சல்லடை கேட்ட வெள்ளிக்கிழமை

என் மகனுக்குக் கேழ்வரகுப் பால் கொடுக்கத் தொடங்கியபோது, அதை எதில் வடிகட்டுவது என்ற கேள்வி என்னைப் படாதபாடு படுத்தியது. எவர்சில்வர் வடிகட்டியில் வடித்தால் திப்பி இறங்கிக் குழந்தைக்கு வயிறு வலிக்குமோ என்று பயம். வெள்ளைத் துணியில் வடித்தால் சத்தெல்லாம் துணியோடு நின்றுவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டிலும் வடித்து, இரண்டையும் விரலால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டுக் கணவர் சிரித்தார். அவரிடம் சொன்னேன், இப்படிக் கண்ணை மூடித் தேய்த்துப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் எங்கள் தெருவே என் விரலை நம்பி நின்றிருக்கிறது என்று. அவர் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி இருந்தது. தெருமுனையில் ஒரு சிவப்புக் கொடியும் ஒரு கறுப்புச் சிவப்புக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கும். சிவப்புக் கொடி அப்பாவினுடையது. அதாவது, கூலிக்காகவும் மனைப்பட்டாவுக்காகவும் போராடிய சங்கத்தினுடையது. எங்கள் தெருவில் எல்லோரும் பண்ணை நிலத்தில் வேலை செய்தவர்கள். உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து கொஞ்சம் நிலம் அரசாங்கத்துக்குப் போனபோது, களத்துமேட்டில் இருந்த பழைய நெல் கொட்டகையும் கூடவே போயிற்று. அந்தக் கொட்டகையைத் தெருவுக்கு வாங்கித் தருவதற்காக அப்பா ஜெயிலுக்குப் போய்வந்தார். கடைசியில், தெருப் பெண்கள் சேர்ந்து தொழில் நடத்துவதற்கென்று அதை ஒதுக்கினார்கள்.

தொழில் தெரிந்தவள் அத்தை. அப்பாவின் தங்கை. உதவித்தொகையில் விருத்தாசலம் போய்ப் பீங்கான் வேலை படித்துவிட்டு வந்திருந்தாள். கொட்டகையில் சக்கரம் போட்டு, பின்னால் சூளை கட்டி, தெருப் பெண்களைக் கூட்டி ஜாடியும் தம்ளரும் செய்ய வைத்தாள். மண் பாத்திரத்தை ஒருமுறை சுட்டு, பிறகு மெருகுக் கரைசலில் முக்கி, மறுபடியும் சுட வேண்டும். வெள்ளைக்கல் பொடி, உமிச் சாம்பல், நைஸான களிமண் எல்லாம் சேர்த்து மோர்ப் பதத்துக்குக் கரைத்த கரைசல் அது. சூளைச் சூட்டில் அது உருகிக் கண்ணாடி போலப் பாத்திரத்தின் மேல் படிந்துவிடும். அத்தை அதை 'கிளேஸ்' என்பாள். பெண்கள் 'பால்' என்றார்கள்.

முதல் சூளை பிரித்த அன்று எல்லோரும் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வெளியே வந்த பாத்திரங்களில் உள்ளும் புறமும் வியர்க்குரு போலப் பொரிப்பொரியாக இருந்தது. அரிசிச் சல்லடையில் வடிகட்டியதால் பாலில் குருணை தங்கிவிட்டது என்று அத்தை சொன்னாள். யார் காதிலும் அது ஏறவில்லை. பண்ணை நிர்வாகத்தைக் கவனித்துவந்த காரியக்காரர் களத்துமேட்டுப் பக்கம் குடையோடு வந்தவர், ஒரு தம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, தம்ளருக்கு அம்மை போட்டிருக்கா? வேப்பிலை கட்டுங்க."

மறுநாளிலிருந்து பெண்கள் கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் "அம்மை இறங்கிடுச்சா?" என்று கேட்டால் யார்தான் வருவார்கள்? அத்தையும் அம்மாவும் நானும்தான் மிச்சம். அது தெரிந்ததும் காரியக்காரர் ஒரு மனு போட்டார். தெருப் பெண்கள் பெயரைச் சொல்லிக் கொட்டகையை வாங்கி ஒரே குடும்பம் அனுபவிக்கிறது, தொழிலும் நடக்கவில்லை, ஆகவே பண்ணைக்கே திருப்பித் தர வேண்டும் என்று. அடுத்த வாரம் தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கொட்டகை போய்விட்டால் அப்பா ஜெயிலுக்குப் போனதும் வீணாகிவிடுமே என்று நான் பாயில் புரண்டுகொண்டிருந்தேன்.

பாலைக் குருணையில்லாமல் வடிகட்டும் பித்தளைக் கம்பி வலை போட்ட சல்லடை மெட்ராஸிலிருந்து வர வேண்டும். வருவதற்குள் தாசில்தார் வந்துவிடுவார். தெருவில் இருப்பதிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அன்று வியாழக்கிழமை.

"இன்னைக்கே போயி நாலு வீட்ல கேளேன்" என்று அம்மா விரட்டினாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் அண்ணி. இன்னைக்குத் தலைவலியா இருக்கு" என்றாள் அத்தை. ஆனால் சாயங்காலம் முழுக்க என்னோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடி, என்னை ஜெயித்துச் சத்தமாகச் சிரிக்கவும் செய்தாள்.

மறுநாள் காலையில் என் சிலேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாடி பாப்பா" என்று கிளம்பினாள். வெள்ளிக்கிழமையில் சல்லடை, முறம், உப்பு எதையும் வீட்டைவிட்டு வெளியே கொடுக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் பால்குடி மறந்த குழந்தைக்கும் இது தெரியும். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"சும்மா வாடி."

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார். அத்தை சல்லடை கேட்டதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்து சல்லடை கேக்குறியே, நீயெல்லாம் படிச்ச பொண்ணா? லட்சுமி கூடவே படியிறங்கிப் போயிடுவாடி."

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, மறந்தே போயிட்டேங்க்கா! கொடுக்க வேணாம். நீங்களே கையோட எடுத்துக்கிட்டு வாங்க. ஒரு கரண்டி ஊத்திப் பாத்துட்டு, கையோட கொண்டு போயிடுங்க. உங்க கையை விட்டு இறங்கலைன்னா லட்சுமி எப்படிப் போவா?"

பெரியம்மா யோசித்தார். அதில் குற்றம் சொல்ல இடமில்லை. உள்ளே போய்ப் புட்டுமாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வீட்டிலும் அத்தை மறந்தாள். அதற்கடுத்த வீட்டிலும் மறந்து, நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரே காலையில் ஒரே விஷயத்தை ஒரு ஆள் இத்தனை முறை மறக்க முடியுமா? எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. படித்தவள் இப்படி இருந்தால் தாசில்தார் என்ன நினைப்பார்? நான் ஒவ்வொரு வாசலிலும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஆனால் தெருக்கோடியை அடைந்து திரும்பிப் பார்த்தபோது, எங்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்துகொண்டிருந்தது. ரவைச் சல்லடை, மாவுச் சல்லடை, காபி வடிகட்டி, மூங்கில் சல்லடை. ஒவ்வொருவரும் தன் சல்லடையை இடுப்புக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகையில் பரீட்சை தொடங்கியது. சல்லடைக்காரி சல்லடையைப் பிடித்துக்கொள்ள, அத்தை ஒரு கரண்டி பால் ஊற்றுவாள். கீழே என் சிலேட்டில் விழும். அத்தை என்னைக் கூப்பிட்டு, "கண்ணை மூடிக்கிட்டுத் தேச்சுப் பாரு" என்றாள். பெரியவர்கள் கை காய்த்துப்போயிருக்கும், சின்ன விரலுக்குத்தான் குருணை தெரியுமாம். நான் பயந்து பயந்து தேய்த்தேன். நான் தப்பாகச் சொல்லி, கொட்டகை போய்விட்டால்?

"இருக்கு அத்தை. நறநறங்குது."

"என் சல்லடையில குருணையா?" என்று பெரியம்மா எகிறினார். "இதுல சலிச்சுத்தான் எம் மவ கல்யாணத்துக்கு அதிரசம் சுட்டேன்."

"உங்க சல்லடையில எருமைக்கன்னே நுழையுமேக்கா" என்றாள் கோடி வீட்டு அக்கா. அவளுடைய ரவைச் சல்லடை அதைவிட மோசம் என்று என் விரல் சொன்னபோது, பெரியம்மா சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்து குருவிகள் பறந்தன. ஒருத்தி திருபுவனத்திலிருந்து வந்த பட்டுத்துணித் துண்டு ஒன்றை விரித்துப் பிடித்தாள். அதில் வெறும் தண்ணீர் மட்டும் சொட்டியது. கல்பொடியெல்லாம் மேலேயே தங்கிவிட்டது. "ரொம்ப நைஸும் ஆகாது. கல்லு இறங்கலைன்னா மெருகு ஏறாது" என்றாள் அத்தை.

எந்தச் சல்லடையும் தேறவில்லை. ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவுமில்லை. அவரவர் தன்னுடையதை இன்னொரு முறை, இந்தப் பக்கம் திருப்பி, இரண்டாக அடுக்கிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"என்னம்மா, ஊர்ச் சல்லடையெல்லாம் இங்க வந்து நிக்குது?"

காரியக்காரர் வீட்டு அம்மா. மனு போட்டவரின் மனைவி. அவருக்கு நார்த்தங்காய் போட ஒரு பெரிய ஜாடி வேண்டும் என்பது ஊரறிந்த ஆசை. அதற்காகத்தான் முதல் சூளை பிரித்தபோதும் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே வந்து சிலேட்டைப் பார்த்தார். கரைசலைப் பார்த்தார்.

"எங்க ஆயில் எஞ்சின்ல டீசல் ஊத்துற புனல் இருக்கு. அதுக்குள்ள பித்தளை வலை போட்டிருக்கும். தூசி துரும்பு இறங்காது" என்றார்.

"அதை உங்க வீட்டுக்காரர் தருவாராம்மா?" என்று அம்மா தயங்கிக் கேட்டாள்.

"அவரைக் கேட்டுத்தான் நான் மோருக்கு உப்புப் போடுறேனா?"

போன சுருக்கில் புனலோடு திரும்பி வந்தார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெருகு ஒட்டாமல் விலகிவிடும் என்று அத்தை சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். நாலைந்து பேர் தேய்த்தார்கள். அப்போதும் அந்த அம்மா புனலின் காதை விடவில்லை. "வெள்ளிக்கிழமை பாரு, நானே புடிச்சுக்கிறேன்" என்றார். அத்தை ஊற்றினாள். சிலேட்டில் பால் பரவியது. நான் கண்ணை மூடித் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு விரலாலும் தேய்த்தேன்.

"சொல்லித் தொலையேண்டி" என்றார் பெரியம்மா.

"வெண்ணெய் அத்தை."

கொட்டகை அதிர்ந்தது. புனல் சின்னது, தொட்டி பெரியது. அந்த அம்மா காதை விடாமலிருக்க, ஆளுக்குக் கொஞ்ச நேரம் கூடப் பிடித்து, பனைநார்த் தூரிகையால் தள்ளித் தள்ளி வடித்தார்கள். தொட்டி நிறைந்ததும், தான் வடித்த பாலில் தானே முக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியும், முன்பே ஒருமுறை சுட்டு வைத்திருந்த ஜாடிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். தான் முக்கிய ஜாடி என்ன ஆயிற்று என்று பார்க்காமல் இருக்க முடியுமா? மறுநாள் சூளை அடுக்கவும் வந்தார்கள். விறகு தள்ளவும் வந்தார்கள். சூளை பிரித்தபோது ஜாடிகள் தென்னங்குருத்து நிறத்தில், வழவழவென்று, வானத்தைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தன. பெரியம்மா தன்னுடையதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

தாசில்தார் வந்த அன்று கொட்டகையில் நிற்க இடமில்லை. காரியக்காரர் அவர் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். "இதெல்லாம் இன்னைக்குக் கூட்டிட்டு வந்து நிறுத்துன கூட்டம் சார். பட்டறை ஒரே வீட்டுது."

தாசில்தார் பெரியம்மாவைப் பார்த்து, "நீங்க இங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"பால் வடிகட்டுனேங்க. சூளைக்கு விறகு தள்ளுனேங்க. எஞ் சல்லடை மட்டும் தேறலைங்க" என்றார் பெரியம்மா, அந்தக் கடைசி வருத்தம் இன்னும் ஆறாமல்.

"யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாங்க சார்" என்றார் காரியக்காரர்.

"சரி, எதுல வடிகட்டுனீங்க? அதைக் காட்டுங்க."

கூட்டம் தானாக விலகியது. காரியக்காரர் வீட்டு அம்மா ஒரு கையில் புனலும் இடுப்பில் ஜாடியுமாக முன்னால் வந்தார்.

"இதுலதாங்க. நான்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன். இந்த ஜாடி நானே முக்குனது."

காரியக்காரரின் தோளிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனிந்தார், நிமிர வெகுநேரம் ஆயிற்று. தாசில்தார் ஜாடிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு வேணும்மா" என்றார். வெளியே வந்து அப்பாவிடம், மனுவில் ஒன்றுமில்லை, கொட்டகை இந்தப் பெண்களுடையதுதான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பெண்கள் குலவையிட்டார்கள். அப்பா மட்டும் கொட்டகைச் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, என் மனதை அரித்துக்கொண்டிருந்ததை அத்தையிடம் கேட்டுவிட்டேன்.

"வெள்ளிக்கிழமைங்கறதையே மறந்துட்டுப் போயிட்டீங்களே அத்தை. அவங்கெல்லாம் கோவிச்சுக்கிட்டு வராமலேயே இருந்திருந்தா?"

அத்தை என் சிலேட்டைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"ஆமாண்டி. நல்லவேளை, மறந்தேன்."

இவ்வளவு படித்தும் இவ்வளவு ஞாபகமறதியா என்று எனக்கு அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி, வருஷக் கடைசிவரை எல்லா வெள்ளிக்கிழமைகளையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, மறுநாள் கொட்டகையில் சக்கரத்துக்கு நேரே மாட்டினேன். அத்தை அதைக் கழற்றவே இல்லை. யாராவது கேட்டால், "எங்க பாப்பா எனக்காகப் போட்டுக் கொடுத்தது" என்று சொல்லிச் சிரிப்பாள். பக்கத்தில் நான் பெருமையாக நின்றுகொண்டிருப்பேன்.