செல்வராஜ் அண்ணன் தளர்த்தாத நட்டு

செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது லெட்சுமி அண்ணி அழைத்தார். "அண்ணன் போயிட்டாரும்மா. குளிச்சிட்டு வந்து உட்கார்ந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாரு." கிள்ளானில் என் உதிரிபாகக் கடைக்கும் செல்வராஜ் அண்ணனின் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். அறுபத்தொன்று சாகிற வயதில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய ஆட்டோமேட்டிக் கார்களில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கம்பி கார்புரேட்டரைத் திறக்கும். இன்னொரு கம்பி, எவ்வளவு மிதித்தோம் என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும். முழுக்க மிதித்தால் கியர் ஒன்று இறங்கிக் கார் பாயும், அதுதான் கிக்டவுன். இரண்டு கம்பிகளும் ஒத்துப்போக வேண்டும். பலர் பானெட்டைத் திறந்து கையால் இழுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஓட்டுறவன் கையாலயா மிதிக்கப் போறான்?" என்பார். சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவார். நான் கல்லாவை விட்டுவிட்டுப் போய் டிரைவர் இருக்கையில் உட்காருவேன்.

"முழுசா மிதிம்மா. கார்ப்பெட் தடுக்குதான்னு பாரு."

சரியானதும் கியர்பாக்ஸ் கம்பியின் நட்டை இறுக்கி, நட்டின்மேலும் கம்பியின்மேலும் சேர்த்துச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போடுவார். யாராவது திருகினால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். முதல் புட்டி என் கைப்பையிலிருந்து போனது. திரும்பி வரவேயில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய கார் சங்கத்தின் தலைவர் தம் காரைக் கொண்டுவந்தார். அன்றும் நான்தான் மிதித்தேன். கோடு என் கண் முன்னால்தான் விழுந்தது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"கியர் மாறும்போது லேசா இடிக்குது செல்வா. சாஃப்ட்டா ஆக்கிக் கொடு."

"அது அப்படித்தான் பாஸ். கம்பிய லூஸ் பண்ணினா உள்ள பிரஷர் குறைஞ்சு கிளட்ச் எரிஞ்சிடும். தொடாதீங்க."

தலைவரிடம் யாரும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை போலும். இரண்டே மாதத்தில் பந்திங் போகும் வழியில் கியர்பாக்ஸ் எரிந்தது. அன்று மாலையே சங்கத்தின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் எழுதினார்: "செல்வராஜிடம் யாரும் போகாதீர்கள். வேலை தெரியாதவர்." அத்தனை பேரும் கட்டைவிரல் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பட்டறைக்கு ஒரு பழைய கார்கூட வரவில்லை. மோட்டார்சைக்கிள்களுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்.

தலைவரின் கார் செராஸில் ஒரு பட்டறையில் கிடப்பது தெரிந்து நேரே போனேன். கோடு முறிந்திருந்தது. நட்டு நான்கு சுற்றுத் தளர்ந்திருந்தது. "ஓனரே ஸ்பானர் போட்டாராம்க்கா. அப்புறம் கியர் வெண்ணெய் மாதிரி மாறுச்சுன்னு சொன்னாரு" என்றார் அங்கிருந்த மெக்கானிக். படம் எடுத்துக்கொண்டு வந்து அண்ணனிடம் நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"விடும்மா. காரைப் பறிகொடுத்த மனுசன் யாரையாவது ஏசத்தான் செய்வான். இத யார்கிட்டயும் காட்டாத, வேணாம் லா. எனக்கு வாக்குக் கொடு."

கொடுத்தேன். அதற்காக இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு.

இறுதிச் சடங்குக்குத் தலைவர் மலர்வளையத்தோடு வந்தார். என்னைத் தனியே அழைத்து, "நீங்கதானே பக்கத்துக் கடை? நல்லதா நாலு வரி எழுதிக் கொடுங்க. பிரிக்பீல்ட்ஸ்ல சங்கம் நடத்துற இரங்கல் கூட்டத்துல நானே வாசிக்கிறேன்" என்றார். எழுதுகிறேன் என்றேன். அவ்வளவு துக்கத்திலும் அப்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

நான் வாக்குக் கொடுத்தது அண்ணனுக்கு, அது அவரோடு போயிற்று. தலைவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை.

ஆகவே, தலைவரே, நிறுத்தாமல் வாசியுங்கள். தாளின் பின்பக்கம் அந்தப் படம் இருக்கிறது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், எனவே எந்த வரியையும் தாண்டிப் போக முடியாது. தொண்டை அடைத்தால் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் லெட்சுமி அண்ணி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வரி உங்களுடையது, அதை அவர் முகத்தைப் பார்த்து வாசியுங்கள்.

செல்வராஜுக்கு வேலை தெரியும். அந்த நட்டைத் தளர்த்தியது நான்.

அண்ணே, நீங்கள் இவரை மன்னித்துவிட்டீர்கள். எனக்கு அந்த மனசு வரவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.