தை மாசியில் படிப்பித்த பின்னம்

இரஞ்சிதம் ரீச்சர் பொய்ப் புள்ளிக்குக் கையெழுத்துப் போட்டது தன் வாழ்நாளில் இரண்டே இரண்டு தடவைதான். இரண்டும் 1963ஆம் ஆண்டு, புளியடிக்குளத்தில். யூன் மாதம் போட்டபோது கை நடுங்கியது. யூலையில் போட்டபோது நடுங்கவில்லை. அந்த நடுங்காத கையை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

கனகராயன்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டு றோட்டில் நாலு மைல் நடந்தால் புளியடிக்குளம். உடைந்து கிடந்த குளத்தைக் கட்டி, காடு வெட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு வயல் பிரித்துக் கொடுத்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது. இரஞ்சிதம் கரவெட்டிப் பெண். பயிற்சிக் கலாசாலையை முடித்து நேரே இங்கே வந்தவள். வயது இருபத்தைந்து. எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் விஞ்ஞானமும் அவள் பொறுப்பு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமை வாத்தியார் செல்வநாயகம் அவளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால்தான் ஆகும்.

அந்த வருடம் வவுனியாக் கல்விக் கந்தோர் அதிகாரிகளுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. முந்திய வருடச் சோதனையில் வட்டாரத்துப் பிள்ளைகள் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் குப்புற விழுந்திருந்தார்கள். உடனே ஒரு சுற்றுநிருபம் வந்தது. மாதாமாதம் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் ஒரே சோதனை. கேள்வித்தாள் கந்தோரிலிருந்து பஸ்ஸில் வரும். சராசரி ஐம்பதுக்கு மேலே போகிற பள்ளிக்கூடங்களில் ஒன்றுக்கு அடுத்த வருடம் விஞ்ஞான அறை, ஒரு பட்டதாரி ஆசிரியர், ஒன்பதாம் வகுப்பு. முப்பதுக்குக் கீழே கிடக்கிற பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பை மூடி, பிள்ளைகளை ஒன்பது மைல் தள்ளியிருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். விடைத்தாளைத் திருத்திப் புள்ளி போட்டு அனுப்புவது யார்? அந்தந்தப் பள்ளிக்கூடமேதான். இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு மாலை போட்டிருக்க வேண்டும்.

யூன் மாதச் சோதனையில் புளியடிக்குளம் எட்டாம் வகுப்பின் சராசரி பத்தொன்பது. இரஞ்சிதம் மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் பத்தொன்பதுதான்.

செல்வநாயகம் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இதை இப்பிடியே அனுப்பினால் என்ன நடக்குமெண்டு தெரியுமோ?"

"வகுப்பை மூடுவினம் சேர்."

"மூடினால் பெடியள் சைக்கிளில போவாங்கள். பெட்டையள்? பதினேழு பேர் இருக்குதுகள். ஆனை மறிக்கிற றோட்டில ஒன்பது மைல் ஆர் விடுவினம்? அதுகளின்ர படிப்பு அண்டையோட சரி." அவர் பேனையை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "ஐம்பத்திரண்டு எண்டு போடுங்கோ. ஆருக்கு நட்டம்?"

அவர் கெட்ட மனுசன் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வளை வெட்டக் காட்டுக்குப் போன ஆட்களோடு தானும் கோடரியோடு போனவர். ஒன்பதாம் வகுப்பு ஒன்றைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஒரே ஆசையில் இடமாற்றம் வந்தபோதுகூட அதைத் தட்டிக் கழித்தவர். அதனால்தான் அவரோடு வாதாட இரஞ்சிதத்துக்கு வாய் வரவில்லை. கையெழுத்தைப் போட்டாள். யூலையில் ஐம்பத்தாறு.

உண்மைப் புள்ளிகளை அவள் தன் கொப்பியில் தனியாக எழுதி வைத்திருந்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஓகஸ்ற் லீவுக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கொப்பியையும், கூட்டுத்தொகை போட வேண்டியிருந்த பிள்ளைகளின் வரவு இடாப்பையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். கரவெட்டி வீட்டு விறாந்தையில் ஒரு பகல் முழுக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் எல்லாக் கணக்கையும் பிழையாகச் செய்யவில்லை. இரண்டாம் தவணையில் படிப்பித்த, பரப்பளவு காணும் கேத்திரகணிதத்தை முக்கால்வாசிப் பேர் சரியாகச் செய்திருந்தார்கள். தாவரம் பற்றிய கேள்விகளுக்கும் ஓரளவு பதில் இருந்தது. பின்னம், விகிதம், வெப்பம் என்று வந்த இடங்களில்தான் வெறும் தாள். மூன்றும் முதலாம் தவணைப் பாடங்கள். இடாப்பைத் திறந்தாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் தை கடைசியிலிருந்து பங்குனி நடுவரை வகுப்புக்கு வந்தவர்கள் ஒரு நாளும் பன்னிரண்டு பேரைத் தாண்டவில்லை. காலபோக நெல் முற்றுகிற காலம். கிளி கலைக்க, குருவி கலைக்க, பிறகு அறுவடையில் அரிவி வெட்டுகிறவர்களுக்குச் சோறு கொண்டுபோக என்று பிள்ளைகள் வயலில் நின்றார்கள். வராமல் விடாதவள் ஜெகதீஸ்வரி ஒருத்திதான். அவளுடைய தகப்பன் சின்னராசா மரம் விழுந்து கால் முறிந்து வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்.

ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் அதே மாதங்களில் அதே பின்னந்தான். பாடத்திட்டம் அப்படி. கொழும்பில் மேசையில் இருந்து எழுதியவருக்குக் கிளி எப்போது வயலில் இறங்கும் என்று தெரியாது. மூன்று வருடமாகப் பின்னம் படிப்பித்தது பிள்ளைகள் இல்லாத வெறும் வாங்குகளுக்கு. இரஞ்சிதத்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மொக்குப் பிள்ளைகள் என்று அவளும் இரண்டொரு தடவை திட்டியிருந்தாள்.

செப்ரெம்பரில் திரும்பி வந்ததும் செல்வநாயகத்திடம் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"நல்ல கண்டுபிடிப்புத்தான் பிள்ளை. ஆனால் இதைக் கந்தோருக்குச் சொல்லவேணுமெண்டால் பத்தொன்பதையும் சொல்லவேணுமெல்லே. விஞ்ஞான அறை கிடைக்கட்டும். பிறகு பாப்பம்."

அந்த மாதச் சோதனையின் உண்மைச் சராசரி இருபத்தேழு. ஐம்பத்தெட்டு என்று செல்வநாயகம் எழுதின தாள் கையெழுத்துக்காக அவள் மேசையில் இரண்டு நாளாகக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை, புழுதி மூடின கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசி லாபிர். முன்னறிவித்தல் கிடையாது. மெலிந்த மனுசன். தேத்தண்ணி வேண்டாமென்றார், கதிரை வேண்டாமென்றார்.

"யூன், யூலை விடைத்தாளுகளை எடுங்க, ஹெட்மாஸ்ரர்."

"அதுகளைக் கறையான் அரிச்சுப்போட்டுது சேர்."

"ரெண்டு மாசத்துக்குள்ளயா?"

லாபிர் நேரே எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தார். இரஞ்சிதமும் பின்னால் ஓடினாள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி முடிய முன்னமே அவர் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, கூட்டுக என்று எழுதினார்.

முதலில் தவராசாவைக் கூப்பிட்டார். வகுப்பிலேயே உயரமான பெடியன். அவன் மேலே இருந்த இரண்டு ஒன்றையும் கூட்டினான், கீழே இருந்த மூன்றையும் நாலையும் கூட்டினான். ஏழில் இரண்டு. லாபிர் அழித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். ஏழில் இரண்டு. அதற்கடுத்தவன் வெண்கட்டியைப் பிடித்தபடி நின்றான், நின்றான், நின்றுகொண்டேயிருந்தான்.

"முன் வாங்கில இருக்கிற பிள்ளையைக் கேளுங்கோ சேர்," என்றார் செல்வநாயகம் வாசலிலிருந்து.

ஜெகதீஸ்வரி எழுந்து போய்ப் பன்னிரண்டில் ஏழு என்று எழுதிவிட்டு வந்து இருந்தாள். லாபிரின் முகம் மாறவில்லை.

"ஒரு பிள்ளை சரி. ஐம்பத்தாறு எங்கேயிருந்து வந்தது?" அவர் திரும்பினார். "ரீச்சர், இந்தப் புள்ளி நீங்க போட்டதா?"

இரஞ்சிதம் செல்வநாயகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணால் கெஞ்சினார். ஓம் என்று ஒரு சொல் சொல்லி, பிள்ளைகள் பயந்துபோனார்கள் என்று பூசி மெழுகியிருக்கலாம். விஞ்ஞான அறை வந்திருக்கும். அவளுடைய வேலையும் நிரந்தரமாகியிருக்கும்.

"கையெழுத்து என்ரதான் சேர். புள்ளி பொய். யூனில போட்ட ஐம்பத்திரண்டும் பொய், உண்மை பத்தொன்பது."

லாபிர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளையளுக்கு முன்னால சொல்லிறீங்க."

"பிள்ளையளின்ர புள்ளிதானே சேர்." அவள் வெண்கட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஒரு உதவி செய்யுங்கோ. ஒரு சரிவகத்தைக் கீறி, பரப்பளவைக் கேளுங்கோ. ஆரை வேணுமெண்டாலும் கூப்பிடுங்கோ."

லாபிர் கரும்பலகையில் கீறினார். வேண்டுமென்றே தவராசாவைத்தான் மறுபடி கூப்பிட்டார். அவன் சமாந்தரப் பக்கங்களைக் கூட்டி, உயரத்தால் பெருக்கி, இரண்டால் பிரித்தான். சரி. இன்னொரு பிள்ளை, இன்னொரு சரிவகம். சரி. நாலு பேரில் மூன்று பேர் சரியாகச் செய்தார்கள்.

"இது எப்ப படிப்பிச்சது?"

"யூனில. பின்னம் தை மாசியில." அவள் மேசை லாச்சியை இழுத்துக் கொப்பியையும் இடாப்பையும் எடுத்து அவருக்கு முன்னால் விரித்தாள். "அப்ப இதுகள் வயலுக்கை. இஞ்சை பாருங்கோ, முப்பத்தெட்டில ஒன்பது, பதினொன்று, ஏழு. போன வருச இடாப்பிலயும் இப்பிடித்தான். அதுக்கு முதல் வருசமும் இப்பிடித்தான். சொல்லிக் குடுக்காத ஒண்டைத்தான் நாங்கள் மாசாமாசம் சோதிக்கிறம்."

அவர் அப்போதுதான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மற்றப் பள்ளிக்கூடங்களிலயும் இப்பிடியா?"

"தெரியாது சேர். அவையின்ர புள்ளியைப் பாக்காதேங்கோ. இடாப்பைப் பாருங்கோ."

லாபிர் இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "பொய்க்குப் பதில் சொல்லத்தான் வேணும், ரெண்டு பேரும்," என்றார். கார் போய்விட்டது.

ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், ஒரு தகவலும் இல்லை. வகுப்பை மூடப்போகிறார்களாம் என்ற கதை அன்று பின்னேரமே வாய்க்கால்கரை முழுக்கப் பரவிவிட்டது. செல்வநாயகம் இரஞ்சிதத்தோடு முகம்கொடுத்துப் பேசுவதை விட்டார். தேவையானதைத் துண்டில் எழுதி அனுப்பினார். தண்ணீர் அள்ளப் போனால் பெண்கள் கதையை நிறுத்தினார்கள். பெட்டையளின் படிப்பில் மண் போட்டவள் என்று ஒருத்தி அவள் காதுபடச் சொன்னாள். இரஞ்சிதம் வாளியை நிரப்பிக்கொண்டு வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் பிள்ளைகளை மறித்து வைத்துப் பின்னத்தை முதலிலிருந்து தொடங்கினாள். அதை ஒருவரும் தடுக்கவில்லை. வகுப்பே இல்லாமல் போகப்போகிறது, படிப்பித்தால் என்ன என்று விட்டிருப்பார்கள்.

நவம்பர் மழை தொடங்கின நாள் கடிதம் வந்தது. செல்வநாயகம் அதை வகுப்புக்குக் கொண்டுவந்து தானே வாசித்தார். வட்டாரத்தில் பதினாலு பள்ளிக்கூடங்களின் இடாப்புகளைப் பார்த்ததாகவும், பதினொன்றில் இதே குறை என்றும் அதில் இருந்தது. வருகிற வருடத்திலிருந்து அந்தப் பதினொன்றிலும் பின்னமும் விகிதமும் வெப்பமும் இரண்டாம் தவணைக்கு மாற்றப்படும். விடைத்தாள்களை இனி வேறு பள்ளிக்கூடம் திருத்தும். புளியடிக்குளம் எட்டாம் வகுப்பு மூடப்படாது. தலைமை ஆசிரியருக்கு எச்சரிக்கை. ஆசிரியையின் நியமனம் நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போடப்படுகிறது.

பெடியள் வாங்கில் அடித்துக் கூத்தாடினார்கள். செல்வநாயகம் ஐந்து கிழமைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "தப்பீட்டம் பிள்ளை," என்றார். கடைசி வரியை அவர் சத்தம் குறைத்துத்தான் வாசித்திருந்தார். பொய்ப் புள்ளி கொடுத்தபடியால் விஞ்ஞான அறையும் ஒன்பதாம் வகுப்பும் வேறொரு பள்ளிக்கூடத்துக்கு. புளியடிக்குளத்தின் பெயர் இரண்டு வருடத்துக்கு விஞ்ஞான அறை கொடுக்கிற பட்டியலில் சேராது.

மழை விடும்வரை பிள்ளைகள் வகுப்பில் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஜெகதீஸ்வரி மட்டும் போகவில்லை.

"ரீச்சர், நீங்கள் அண்டைக்குப் பேசாமல் இருந்திருந்தால் எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு வந்திருக்குமோ?"

இரஞ்சிதம் சுற்றி வளைக்க நினைத்தாள். முடியவில்லை.

"வந்திருக்கும்."

"எனக்குப் பின்னம் தெரியும் ரீச்சர். வெப்பமும் தெரியும். அப்பா ஒன்பது மைல் விடமாட்டார். இந்த டிசெம்பரோட எனக்குச் சரி."

"நான் வந்து அப்பாவோட கதைக்கிறன் பிள்ளை."

"கதையுங்கோ. விடமாட்டார்." அவள் அழவில்லை. புத்தகங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "இனியொருக்கா அந்தச் சேர் வந்து கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவீங்களோ?"

மற்ற முப்பத்தேழு பேரும், மற்றப் பத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இரஞ்சிதத்தின் மனதில் வந்து நின்றார்கள். அவர்களை இந்தப் பிள்ளைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த அவளுக்கு வெட்கமாயிருந்தது.

"ஓம்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சின்னராசாவிடம் போனாள். அவர் மரியாதையாக இருத்தி, மோர் கொடுத்து, முடியாது என்றார். தை பிறந்த பிறகும் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். மறுமொழி மாறவில்லை.

டிசெம்பரில் வகுப்பு முடியும்வரை ஜெகதீஸ்வரி ஒரு நாளும் பிந்தவில்லை. சோதனைகளில் முதலாவதாக வந்தாள். ஆனால் வகுப்பில் இரஞ்சிதம் கேட்ட ஒரு கேள்விக்கும் அவள் அதன் பிறகு கை உயர்த்தவில்லை.