டூகல்ட் உருவாத கத்தி

டூகல்ட் மக்கின்ஸ் இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அதே இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகஸ்டு மாத விளையாட்டு விழாவில் உடை நடுவராகவும் இருந்தார். முதல் வேலையைப் பற்றி அவர் பேசியதில்லை. இரண்டாவதைப் பற்றிப் பேசாத நாளில்லை.

தோல்பையில் காற்றடைத்து ஊதும் பைப் வாசிக்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி, கில்ட் எனும் கட்டம் போட்ட பாவாடைக்குக் கீழே, காலைக் குனிந்து பார்ப்பார். மரபு உடையின்படி காலுறையில் சொருகும் சிறு கத்தியின் பிடி, விளிம்புக்கு மேலே இரண்டு விரல் உயரம் தெரிய வேண்டும். மூன்று விரல் தெரிந்தால் ஆடம்பரம். ஒரு விரல் தெரிந்தால் கோழைத்தனம்.

"அந்தக் காலத்துல இதை அக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பாங்க. ஒருத்தர் வீட்டுக்கு விருந்துக்குப் போனா, எடுத்து எல்லாருக்கும் தெரியுற மாதிரி காலுறையில சொருகுவாங்க. அதுக்குப் பேர் மரியாதை" என்பார்.

குத்தக்கூடியவன் குத்தாமல் இருப்பதுதான் மரியாதை, பிளாஸ்டிக் கத்திக்கு அந்த மரியாதை ஏது என்பது அவர் வாதம். வாதத்தில் பிழை இல்லை. பிழை அவருடைய காலுறையில் இருந்தது.

கொள்ளுத்தாத்தாவின் எஃகுக் கத்தியை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அவர் வேலைக்குப் பயன்படுத்தினார், பெயின்ட் டப்பா திறக்க. அலகு முறிந்தது. மனைவி போன பிறகு அவர் கதவைத் தட்டியவர்கள் எல்லாம் நடுவரைத் தேடி வந்தவர்களே. அந்தப் பதவியும் போய்விடக் கூடாதென்று, யாரிடமும் மூச்சு விடாமல் இன்வர்னஸ் நகரத்துக்குப் போய் அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். பிடியும் உறையும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. உருவ முடியாது. நான்கு ஆண்டுகள் அதைச் சொருகிக்கொண்டுதான் தீர்ப்புச் சொன்னார்.

நான்காம் ஆண்டு விழாவன்று காலையில், பைப் வாசிக்க வந்த பிளம்பர் லாக்லன் பீட்டனை வரிசையிலிருந்து விலக்கினார்.

"பிளாஸ்டிக். போய்யா வெளியே."

"ஏன் ஜட்ஜய்யா, நான் பைப் ஊதவா வந்தேன், ஆளைக் குத்தவா வந்தேன்?"

"குத்த முடியணும், ஆனா குத்தக் கூடாது. உனக்கெல்லாம் அது புரியாது."

பிற்பகலில் விழாத் தலைவி இஷ்பெலின் பரிசுக் கிடா மிரண்டு ஓடி, கொடிக் கயிற்றில் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. திமிரத் திமிரக் கயிறு இறுகியது. நாக்கு வெளியே வந்துவிட்டது. எஃகுக் கத்தி வைத்திருந்த பைப்காரர்கள் மைதானத்தின் மறுகோடியில் ஊதிக்கொண்டிருந்தார்கள். இங்கே வேடிக்கை பார்த்த அறுபது பேர் காலுறைகளிலும் இருந்தவை வாடகை உடையோடு வந்த பிளாஸ்டிக் கத்திகள். ஒரு கையும் கீழே போகவில்லை.

"டூகல்ட்! உங்ககிட்டதான் நிஜக் கத்தி இருக்கே, எடுங்க சீக்கிரம்!" என்று அலறினார் இஷ்பெல்.

டூகல்ட் குனிந்தார். விரல்கள் பிடியைத் தொட்டன. இழுத்தால் உறையோடு சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகளும் வெளியே வரும். மெல்ல நிமிர்ந்தார்.

"முடியாதும்மா. காலுறையில இருக்கிறவரைக்கும் இது உடை, சட்டம் ஒண்ணும் சொல்லாது. உருவிட்டா ஆயுதம். இத்தனை பேர் நடுவுல ஆயுதத்தை எடுக்க நான் தயாரா இல்ல."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் இப்படி ஒரு கோணத்தில் யோசித்ததே இல்லை. இருந்தாலும் தலையாட்டினார். கூட்டமும் ஆட்டியது. ஒரு மனிதர் கொள்கையைப் பற்றிப் பேசும்போது கிடாவைப் பார்ப்பது நாகரிகமாகாது.

லாக்லன் தன் வேனுக்கு ஓடிப்போய், ரப்பர் குழாய் அறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தார். எழுந்த கிடா முதலில் அவர் தொடையில் ஒரு முட்டு வைத்தது. போலீஸ்காரர் அவரிடம், "பொது இடத்துல இந்தக் கத்தி எதுக்குய்யா?" என்று விசாரித்தார்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. கையில் கத்தி இருந்தும் உருவாத மனக்கட்டுப்பாட்டைப் புகழ்ந்து இஷ்பெல் பேசினார். அந்தக் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் ஊர் மன்றத்தில் வைக்கலாம் என்றார்.

"வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை உருவிக் காட்டச் சொல்லுங்க" என்றார் பின்வரிசையிலிருந்து லாக்லன்.

டூகல்ட் அவசரமாக எழுந்தார். "உருவாததுக்குத்தானேய்யா இந்தப் பெருமையே" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெட்டிக்குப் பூட்டு வேண்டும் என்று அவரே ஒரு திருத்தமும் கொண்டுவந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது. சாவியை வைத்துக்கொள்ள அவரைவிடத் தகுதியானவர் யாரும் கமிட்டிக்குக் கிடைக்கவில்லை.