பாலாற்றங்கரையில் என் பின்னால் வந்த சைக்கிள்

இன்று அமாவாசை, தறிக்கு லீவு. வழக்கம்போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலாற்றங்கரைக் கப்பி ரோட்டில் திருமுக்கூடல் பக்கம் போனேன். வேலை ஒன்றும் இல்லை, ஆற்றுக் காற்றுக்காகத்தான்.

பாதி வழியில் கவனித்தேன். பின்னால் இன்னொரு சைக்கிள். நான் நின்றால் அதுவும் நின்றது.

எனக்குப் பட்டு நூல் கொடுக்கும் முதலாளி லேசுப்பட்டவர் இல்லை. வேறு முதலாளிக்குத் திருட்டுத்தனமாக நெய்கிறேனா என்று பார்க்க ஆள் விட்டிருப்பார் என்று தோன்றியது.

புளியமரத்தடியில் இறங்கி, அந்த ஆளை மறித்தேன்.

"இன்னாபா, என் பின்னாலயே வந்துக்கினு இருக்கே?"

"நீதான்பா எனக்கு முன்னாலயே போய்க்கினு இருக்கே! எங்க முதலாளி அனுப்புன ஆளுதானே நீ? நானும் தறிக்காரன்தான், முதலாளிங்க வேலை எனக்குத் தெரியாதா?"

"நான் சும்மா வந்தேன்பா."

"சும்மாவா? இந்தக் கல்லுல, எதிர்காத்துல, சும்மா எவனாச்சும் சைக்கிள் மிதிப்பானா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நம்பாத மனுஷனிடம் என்ன பேசுவது?

"சரி, நீ எதுக்கு வந்தே?"

"நானும் சும்மாதான்பா."

அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை.

திரும்பும்போது ஊர் எல்லை வரை இரண்டு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில்தான் வந்தன. முன்னால் போக இருவருக்குமே மனமில்லை.

ஊர்ப் படிப்பக அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டியிருக்கிறேன். பதில் எழுதக் கீழே இடமும் விட்டிருக்கிறேன். எழுதுகிறவர்கள் எந்த முதலாளிக்கு நெய்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதவும்.