கடவுச்சொல் கேட்டு வந்தவள்

கத்தியை நிறுத்தாமலேயே ஹாவ் லான்சியாங் திட்டுவாள். இடது கையில் மாவுக்கட்டி, வலது கையில் வளைந்த தகட்டுக் கத்தி. சீவிய நூடுல்ஸ் பட்டைகள் கொதிக்கிற தண்ணீரில் விழ விழ, வசவும் விழும். வினிகருக்குப் பேர்போன எங்கள் சீன மாகாணத்துக்கு வந்து அது வேண்டாம் என்கிற வெளியூர்க்காரரிடம், "அப்ப எதுக்குய்யா ஷான்சியில எறங்குன? பஸ்ஸுலயே உக்காந்திருக்க வேண்டியதுதானே?" என்பாள். மிச்சம் வைத்தால் கிண்ணம் திரும்ப நம் முன்னாலேயே வரும். நான் உயர்நிலைப் பள்ளியின் கணினி அறைப் பொறுப்பாளன். பதின்மூன்று வருடமாகப் பேருந்து நிலையத்தில் இருக்கும் அவள் கடையில் திட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

இந்த ஜூனில் அவள் மகள் ருய்மின் நுழைவுத் தேர்வில் மாகாணத்திலேயே பதினேழாவதாக வந்தாள். மறுநாளே நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள் இரண்டிலிருந்து அவளைத் தங்களிடம் சேர்த்துக்கொள்ள ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டவர். மற்றவர் வெயிலுக்குக் குடை பிடித்து வந்த அம்மாள். லான்சியாங் வாயில் பல்கலைக்கழகப் பெயர்கள் நுழையவில்லை. கண்ணாடிக்காரன் காலேஜ், குடைக்காரி காலேஜ், அவ்வளவுதான். இருவரும் அடுத்தடுத்த முக்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, "ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டேங்கிறீங்களே, பங்காளிச் சண்டையா?" என்று கேட்டே விட்டாள்.

அவளுக்குக் கண்ணாடிக்காரன் பக்கம்தான் சாய்வு. "கம்ப்யூட்டர் படிச்சா ஏசியில உக்காந்து சம்பாதிக்கலாம். என்னை மாதிரி ஆவியில வேகணும்னு தலையெழுத்தா?" மகள் கேட்டது குடைக்காரி காலேஜில் நிலவியல். கீழே சுரங்கம் தோண்டித் தோண்டி அவர்கள் ஊர்வீட்டுச் சுவர் பிளந்துபோயிருந்தது. அது எப்படி என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

"சுவரு வெடிச்சா சிமெண்டு பூசணும்டி. அதுக்குப் போய் நாலு வருசம் படிப்பாங்களா?"

மூன்று நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியர் துவான் இருவரையுமே கேட்கவில்லை. கல்லூரி விருப்பத்தை இணையத்தில் பதிவதற்கான கடவுச்சொல் சீட்டுகளைப் பள்ளியே வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்பது சாக்கு. கடைசி நாள் மதியம் ருய்மின் வந்து சீட்டைக் கேட்டபோது, "எல்லாம் போட்டாச்சு, போ" என்று அனுப்பிவிட்டார். முதல் விருப்பம் கண்ணாடிக்காரர் பல்கலைக்கழகம்! பள்ளி வாசலில் மாட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் பித்தளைப் பலகை ஒன்று கிடைக்கும் என்று யாரோ அவருக்கு ஆசை காட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் கண் எரியப் படித்தவள் ஒருத்தி; அவள் மதிப்பெண்ணில் இவர் வாசலுக்கு அலங்காரம். என்ன அநியாயம் இது? முந்தின நாளே இவர் போட்டிருந்த விருப்பப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த என்னையும் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்து மணிக்குப் பதிவு முடியும். நாலரைக்கு லான்சியாங் மகளை இழுத்துக்கொண்டு கணினி அறைக்குள் வந்தாள். பின்னாலேயே துவான் ஓடி வந்தார்.

"ஏம்மா, நீங்க ஆசைப்பட்ட காலேஜத்தானே போட்டிருக்கேன்?"

"ஆசைப்பட்டேன்தான். கத்துனேன், கிண்ணத்தைப் போட்டு உடைச்சேன். ஆனா அவ கையைப் புடிச்சு நான் எழுதல. பெத்த எனக்கே இல்லாத உரிமை உங்களுக்கு எங்கேருந்துங்க வந்துச்சு? பரீட்சைக்கு நீங்களா போய் உக்காந்தீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேரு..."

"பேரு வேணும்னா நீங்க படிச்சு வாங்குங்க!"

என் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரே, வாயில என்ன கொழுக்கட்டையா? அவ பக்கத்தைத் தொறந்து விடுங்க."

இழுப்பறையிலிருந்த அவள் சீட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்துவிட்டேன். ருய்மின் புதுக் கடவுச்சொல் அடிக்க உட்கார்ந்தாள். துவான் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். லான்சியாங் மாவு படிந்த ஏப்ரனை இரு கையாலும் விரித்துப் பிடித்து, அவருக்கும் திரைக்கும் நடுவே நின்றாள். பிறகு, தன் கண்ணிலும் பட்டுவிடாமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.