பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பால் போத்தல்

போன கிழமை இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று நாலைந்து பேர் பத்திரிகை ஆசிரியருக்கு ரெலிபோன் எடுத்தார்களாம். அவ கனடாவுக்குப் போய்விட்டாவோ என்று கூட ஒருவர் கேட்டாராம். இல்லை ஐயா, இந்த ஆங்கிலேயர் நாட்டில், இதே பிளேஸ்டோவில்தான் இருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் ஓடவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

காரணம் — பக்கத்து வீட்டு மிஸ்டர் ஹாரிஸ்.

மனிதருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். பிள்ளைகுட்டி உண்டா என்று தெரியாது. நாலு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா என்று கேட்காதீர்கள். இங்கே அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும். காலை ஆறரைக்கு ரேடியோ, ஏழுக்குக் கதவைத் திறந்து பால் போத்தலை எடுக்கும் சத்தம்... அதை வைத்துத்தான் நான் மகளை எழுப்புவேன். ஆனால் நேரில் கண்டால்? இன்றைக்குக் குளிர், நேற்று மழை. அதற்கு மேல் பேச்சில்லை.

அவரிடம் நான் இரண்டு தடவை சூடு பட்டிருக்கிறேன்.

முதலாவது, நாங்கள் வந்த வருஷத்துத் தைப்பொங்கல். காலை ஏழேகாலுக்குச் சேலையும் உடுத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலோடு போய் பெல்லை அடித்தேன். அவர் இரவு உடுப்போடு கதவைத் திறந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'குட் மோர்னிங்' சொல்லிவிட்டு நேரே உள்ளே அடுப்படிக்கே போய், குசினி மேசையில் கிண்ணத்தை வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால்... மனிதர் இன்னும் கதவடியில் நிற்கிறார், அவர் ஏதோ என்னுடைய வீட்டுக்கு வந்த மாதிரி. மிகவும் நன்றி சொன்னார். பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் தன்னுடைய ரெலிபோன் நம்பரை எழுதித் தந்து, அடுத்த முறை வருவதற்கு முன்னால் ஒரு கோல் எடுத்தால் வசதியாக இருக்கும் என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

அதன் பிறகு, அவருக்கு வந்த கடிதம் தவறி எங்கள் வீட்டில் விழுந்தாலும் முதலில் ரெலிபோன் எடுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்குக் கேட்கும். 'மிஸ்டர் ஹாரிஸ், நான் உங்கள் வாசலுக்கு வரப்போகிறேன்' என்று அறிவித்துவிட்டு, ஆறு அடி நடந்து போவேன். சிரிக்காதீர்கள். சூடு கண்ட பூனை நான்.

இரண்டாவது சூடு கிரைண்டரால் வந்தது. ஒரு ஞாயிறு விடிய சம்பலுக்குத் தேங்காய் அரைத்தேன். சுவரில் டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு. கிரைண்டரை நிறுத்தினேன். தட்டும் நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. சத்தம் கூடினால் தட்டுவார், நாங்கள் அடங்க வேண்டும். அந்த நாலு வருஷத்தில் அப்படி நாலைந்து தடவை தட்டியிருப்பார். ஒவ்வொரு முறையும் அடங்கிவிட்டோம்.

அடங்காமல் என்ன செய்வது? நாங்கள் வாடகை கொடுக்கும் வீட்டுக்காரர், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருப்பவர், நம்முடைய ஆள்தான். ஆனால் சாவியைக் கையில் தரும்போதே என் கணவரிடம் ஒன்று சொல்லியிருந்தார். "பக்கத்து வீட்டால ஒரு கொம்பிளெயின்ற் வந்தாலும் நீங்கள் வேற இடம் பாக்கிறதுதான், தம்பி." போதாததற்கு எங்கள் அகதிக் கேஸும் இன்னும் முடியவில்லை. எந்த அரசாங்கக் கந்தோரிலும் எங்கள் பெயர் எந்தக் காரணத்துக்காகவும் அடிபடக் கூடாது என்பது என் கணவருடைய கொள்கை.

இனி, நடந்ததற்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை மகளை நர்சரியில் விட்டுவிட்டு வந்தேன். ஒன்பதரை மணி. அவர் வாசலில் பால் போத்தல் அப்படியே இருந்தது. இதென்ன புதினம் என்று ஒரு கணம் யோசித்தேன், உள்ளே வந்துவிட்டேன். பத்து மணிக்குக் கிரைண்டரைப் போட்டேன். சுவரில் டொக், டொக், டொக்.

நிறுத்தினேன். இன்றைக்கு மனிதர் நல்ல குணத்தில் இல்லைப் போலிருக்கிறது, அதுதான் பாலையும் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். சம்பலை அம்மியில் அரைக்க இங்கே அம்மியா இருக்கிறது? சம்பலே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் மகள் சோபாவிலிருந்து கீழே குதித்து விளையாடினாள். நாலு வயது, அவளை என்ன செய்வது? திரும்பவும் சுவரில் தட்டு. இந்த முறை இரண்டுதான், அதுவும் மெதுவாக. மகளைப் பிடித்து இருத்தினேன். ரி.வி.யைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தட்டு. ரி.வி.யை அணைத்தே விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு பச்சைப்பிள்ளை விளையாடுவது கூடப் பொறுக்க முடியாதா இந்த மனிதருக்கு?

எரிச்சலுக்குப் பின்னால் பயம் வந்தது. ஒரே நாளில் மூன்று தடவை இதுவரை தட்டியதில்லை. கவுன்சிலுக்கு எழுதிப் போடுவாரோ? வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுவாரோ? மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று, முறைப்படி ரெலிபோன் எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஆறு மணிக்கு மறுபடி முயன்றேன், இல்லை. ஏழு மணிக்கும் இல்லை.

ஆள் உள்ளே இருக்கிறார், தட்டுகிறார், ஆனால் ரெலிபோனை எடுக்க மாட்டேன் என்கிறார். இதற்கு என்ன அர்த்தம்? எங்களோடு பேச விருப்பமில்லை. வேறென்ன?

பெற்றோல் ஸ்ரேஷனில் ஷிப்ட் முடிந்து வந்த இவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பால் போத்தல் விஷயத்தையும் சொன்னேன்.

"எடுக்காட்டி உமக்கென்ன? அது அவற்ற பால்," என்றார். "அந்தாள் நல்ல கோவத்தில இருக்குது. ரெண்டு நாளைக்கு நீர் அந்தப் பக்கம் போகாதையும். சத்தம் போடாமல் இருப்பம்."

இருந்தோம். அன்றைக்கு இராச் சாப்பாட்டுக்குத் தாளிக்கவில்லை. மாடிப்படியில் காலுறையோடு ஏறினோம். மகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் காதுக்குள்ளே பதில் சொன்னேன். சுவரில் பிறகு தட்டுக் கேட்கவில்லை. அப்பாடா, மனிதர் ஆறிவிட்டார் என்று நாங்கள் இரண்டு பேரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

புதன்கிழமை காலை அவர் வாசலில் இரண்டு போத்தல்.

கோபத்தில் ஒரு மனிதர் ரெலிபோனை எடுக்காமல் விடலாம். பாலை எடுக்காமல் விடுவாரா? அதுவும் மிஸ்டர் ஹாரிஸ்? ஒரு நாள் வெளியூர் போனால் கூடப் பால்காரருக்குத் துண்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறவர். ரேடியோவும் கேட்கவில்லை.

அவருடைய கேற்றடி வரை போனேன். பெல்லை அடிக்கலாமா? கோபமாக இருக்கிற ஆளிடம், ரெலிபோன் எடுக்காமல், காலை நேரத்தில்... அந்தப் பொங்கல் கிண்ணம் கண்ணுக்குள் வந்து நின்றது. திரும்பி வந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போனேன். மறுபடி வந்தேன். மூன்றாம் முறை எங்கள் கேற்றைத் துடைக்கிற பாவனையில் நின்றேன். எதிர் வீட்டு ஆங்கிலப் பெண் நாயோடு வெளியே வந்தாள். அவளைப் பிடித்து, போத்தல்களைக் காட்டினேன். அவள் பார்த்தாள். அவர் தன்பாட்டில் இருக்க விரும்புகிறவர், நாங்கள் தலையிடுவது சரியில்லை என்றாள். நாய் இழுத்தது, போய்விட்டாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இதை நான் ஒளிக்கப் போவதில்லை. அடுத்த வீட்டில் தும்மினால் இந்த வீட்டிலிருந்து 'ஆயுசு நூறு' சொல்லுகிற ஊரில் பிறந்தவள் நான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது!

உள்ளே வந்து ஒரு தடவை, கடைசித் தடவை என்று ரெலிபோனை எடுத்தேன். மகள் நர்சரியில். இவர் வேலையில். கிரைண்டர் இல்லை, ரி.வி. இல்லை, அடுப்பில் கூட ஒன்றும் இல்லை. அங்கே மணி அடிக்கத் தொடங்கியது. நாலாவது தடவை மணி அடித்தபோது, சுவரில் ஒரு தட்டு.

கீழே. நிலத்தோடு ஒட்டின மாதிரி.

நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் வீட்டில் ஒரு சத்தமும் இல்லையே. பிறகு எதற்கு இந்த மனிதர் தட்டுகிறார்?

அப்போதுதான் விளங்கியது. ஐயோ... நேற்றும் எங்களைக் கூப்பிடத்தான் தட்டினாரா?

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கதவை இரண்டு கையாலும் அடித்தேன். கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கி, அதற்குள் வாயை வைத்து அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது, ஈனஸ்வரத்தில். என்ன சொன்னார் தெரியுமா? தொந்தரவு தருவதற்கு மன்னிக்கவும் என்றார்.

999-ஐ அடித்தேன். ஐந்தாறு நிமிஷத்தில் போலிஸும் அம்புலன்ஸும் வந்தன. கதவை உடைத்தார்கள். முன்னறையில், எங்கள் சுவரோரமாகக் கிடந்தார். செவ்வாய் காலை பாலை எடுக்க எழும்பி வந்தவர் கம்பளத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ரெலிபோன் வீட்டின் அந்தத் தொங்கலில், நடையில் இருந்த மேசையில். கைக்கு எட்டிய ஒரே பொருள் அவருடைய வீட்டுச் செருப்பு. அதால்தான் தட்டியிருக்கிறார். ஒரு பகல், ஒரு இரவு, அதற்கும் மேலே ஒரு காலை. நாங்கள் மூன்று பேரும் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறோம்.

போலிஸ்காரர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். பாதி எழுதிவிட்டு, இது போதும் என்றார். நல்ல வேளை நீங்கள் கவனித்தீர்கள் என்று என்னைப் பாராட்டவும் செய்தார். நான் வீட்டுக்குள் வந்து குசினித் தரையில் உட்கார்ந்து அழுதேன். வேலையால் வந்த இவரும் கேஸைப் பற்றியோ பெயர் அடிபடுவதைப் பற்றியோ ஒரு வார்த்தை கதைக்கவில்லை. "நான்தானப்பா போகாதையும் எண்டு சொன்னனான்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பரேஷன் முடியும் வரை எங்களுக்கு உயிர் இல்லை. அந்த வயதில் இடுப்பு முறிந்தால் தப்புவது கஷ்டம் என்று யாரோ ஒருவர் இவருக்குச் சொல்லி வைத்துவிட்டார். சொல்லுவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வார்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். பிழைத்துக்கொண்டார், பார்க்க வரலாம் என்றார்கள். ஒரு பிளாஸ்கில் சூப்போடு போனேன்.

போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. தட்டினது கேட்டது என்று சொல்லுவதா, விடுவதா?

மனிதர் பாதியாக வற்றிப் போயிருந்தார். ஜன்னலைப் பார்த்து, இன்றைக்கு வெயில் என்றார். ஓம், வெயில் என்றேன். சூப்பை இரண்டு கரண்டி குடித்தார். ரெலிபோன் அடித்தது நீங்கள்தானே, நன்றி என்றார். வாய் திறந்து கத்தியிருக்கலாமே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். அது அவ்வளவு சரியாகப் படவில்லையாம்.

பிறகு அவரே சொன்னார். "நான் தட்டினது உங்களுக்குக் கேட்டிருக்காது. பிள்ளை உள்ள வீடு."

தப்பிப் போக வழியை அவரே திறந்து தருகிறார். ஒரு தலையாட்டல் போதும், பிரச்சினை தீர்ந்தது. என்னால் முடியவில்லை.

கேட்டது என்றேன். முதல் தட்டிலிருந்து எல்லாமே கேட்டது. எங்கள் சத்தம் பொறுக்காமல் தட்டுகிறீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது," என்றார் கடைசியில். "நான் தட்டத் தட்ட உங்கள் வீடு அடங்கிக்கொண்டே போனது."

கையை நீட்டி என்னுடைய கையில் இரண்டு தரம் தட்டினார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக.

"இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்களுடைய இடத்தில் நான் இருந்திருந்தால், நானும் இதையேதான் செய்திருப்பேன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ரெலிபோன் எடுத்துவிட்டு ஆறு அடி நடந்ததும், தாளிக்காமல் சாப்பிட்டதும், பிள்ளையின் வாயைப் பொத்தினதும் எதற்காக? ஒரு வெள்ளைக்காரர் என்றைக்காவது என்னைப் பார்த்து, நீயும் எங்களைப் போலத்தான் என்று சொல்ல வேண்டும் என்பதற்குத்தானே?

சொல்லிவிட்டார். பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை அழுதேன்.